மூளையியலும் ஆற்றுப்படுத்தும் பணியும்: தமிழ்நாட்டு வரலாற்றில் சில கட்டங்கள்

கோயம்புத்தூரிலிருந்து கரூர் வழியாகத் திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், காங்கயத்தைக் கடந்தபின் வருவது வெள்ளகோவில். மானாவாரி மேட்டாங்காடுகளும், எண்ணெய் ஆலைகளும், நூற்பாலைகளும், விசைத்தறிக் கூடங்களும் கொண்ட அவ்வட்டாரத்தில் இல்லச் சந்திப்புக்குச் செல்லும் ஆயர் அடிக்கடி கேட்கும் சொற்றொடர் ஒன்றுண்டு. "பையனுக்கு நரம்புத் தளர்ச்சிங்க" என்பதே அது. உறக்கமின்மை, கடன் தொல்லையால் வந்த சோர்வு, திருமணத்தைப் பற்றிய அச்சம், வெளியே சொல்ல இயலாத குற்றவுணர்வு ஆகிய யாவும் இந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. "மனசு சரியில்லை" என்று சொல்ல நாணுகிற குடும்பம், "நரம்பு சரியில்லை" என்று சொல்ல நாணுவதில்லை.

பழந்தமிழ்ச் சொல்போல் ஒலித்தாலும், இதன் பின்னணியில் நிற்பது அமெரிக்க மருத்துவரான ஜார்ஜ் பியர்டு 1869இல் நியூராஸ்தீனியா என்று பெயரிட்டு விளக்கிய நோயாகும். நரம்புகளில் உள்ள ஆற்றல் செலவழிந்துபோவதே களைப்புக்கும் கவலைக்கும் காரணம் என்றார் அவர். மேனாட்டு மருத்துவம் இக்கருத்தைப் பெரும்பாலும் கைவிட்டுவிட்டது. நம் நாட்டிலோ, சுவர் விளம்பரங்களும் வார இதழ்களின் கடைசிப் பக்கங்களும் அதை வாழவைத்தன. ஊர் ஊராகச் சென்று விடுதிகளில் அறையெடுத்துத் தங்கும் "வைத்தியர்கள்", இளைஞர்களின் அச்சத்தை இச்சொல்லால் வளர்த்து, அதே சொல்லால் லேகியமும் விற்றனர். ஆயினும் இச்சொல்லை முற்றிலும் பழிக்க மனம் வரவில்லை. பேய் பிடித்தது என்றோ, பாவத்தின் பலன் என்றோ ஒதுக்கப்படாமல், துன்புறுகிறவன் ஒரு நோயாளியாக மதிக்கப்படுவதற்கு இச்சொல் வழிசெய்ததும் உண்மை. உடலைக் குறித்த ஒரு சொல் உள்ளத்தின் வேதனைக்குக் கதவு திறக்கிறது. அதே கதவு வழியே வணிகனும் நுழைந்துவிடுகிறான். மூளையியலை மனநலப் பணியில் பயன்படுத்தும் முயற்சிகளின் வரலாறு நெடுகிலும் இவ்விரண்டையும் சேர்த்தே காண்கிறோம்.

நம் இறையியல் கல்லூரிகளில் இப்பணிக்கு ஆற்றுப்படுத்துதல் என்று பெயரிட்டிருப்பது பொருத்தமே. சங்க கால ஆற்றுப்படை நூல்களில், பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன் எதிர்ப்படும் வறிய பாணனுக்குத் தான் நடந்து வந்த வழியைச் சொல்கிறான். உடன் நின்று வழிகாட்டுவதே இச்சொல்லின் உயிர். எதிரில் இருப்பவனைப் பழுதுபார்ப்பது அன்று. இவ்வேறுபாடு பின்னர் நமக்குத் தேவைப்படும்.

மூளையைக் கொண்டு மனத்தை விளக்கும் ஆசை புதியதன்று. சிக்மண்டு பிராய்டே அடிப்படையில் நரம்பியல் மருத்துவர். நரம்பு உயிரணுக்களைக் கொண்டு உளவியல் முழுவதையும் விளக்கிவிட 1895இல் ஒரு நூலை எழுதத் தொடங்கி, இயலாமல் கைவிட்டார். அக்கையெழுத்துப் படி அவர் மறைந்தபின் 1950இல்தான் அச்சேறியது. அவர் விட்ட இடத்தில் தொடர்ந்தவர்கள் வேதியியலாரும் அறுவை மருத்துவருமே.

வேதியியலின் கதையில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. சர்ப்பகந்தா என்னும் செடியின் வேர் பித்துப் பிடித்தவர்களைத் தணிக்கப் பல நூற்றாண்டுகளாக வழங்கப்பட்டு வந்தது. கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்னும் வங்க மருத்துவர் இருவர் 1931இல் இவ்வேரின் பயனை மருத்துவ ஏட்டில் எழுதினர். 1952இல் சுவிட்சர்லாந்து நாட்டு ஆய்வாளர்கள் அதிலிருந்து ரிசர்பின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். அதே ஆண்டில் பாரிசில் குளோர்புரோமசைன் என்னும் மருந்து உளநோயாளருக்குத் தரப்பட்டுப் பெரும் மாறுதலை விளைவித்தது. ரிசர்பின் மூளையில் செரட்டோனின் முதலிய பொருள்களைக் குறைக்கிறது என்பதும், அதை உட்கொண்டவருள் சிலர் ஆழ்ந்த சோர்வில் வீழ்ந்தனர் என்பதும் 1950களில் பேசப்பட்டன. சோர்வு நோய் என்பது மூளை வேதிப்பொருள்களின் குறைவே என்னும் கொள்கைக்கு இது ஓர் ஊன்றுகோலாயிற்று. நம் காட்டு வேரொன்று உலக உளமருத்துவத்தின் கொள்கையொன்றைத் தாங்கி நின்றதை நம்மவர் பெரிதும் நினைவுகூர்வதில்லை.

அறுவையின் கதை இதனினும் கூர்மையானது. அதில் சென்னைக்கே முக்கிய இடமுண்டு.

போர்ச்சுகல் நாட்டு எகாஸ் மோனிஸ் 1935இல் மூளையின் முன்பகுதி நரம்பிழைகளைத் துண்டித்து உளநோயைத் தணிக்கும் முறையைத் தொடங்கினார். 1949ஆம் ஆண்டு நோபல் பரிசை அவருடன் பகிர்ந்துகொண்டவர் சுவிட்சர்லாந்து நாட்டு வால்ட்டர் ஹெஸ். பூனையின் மூளையில் ஹைப்போதலாமஸ் என்னும் சிறு பகுதியை மின்னோட்டத்தால் தூண்டி, அதனைச் சீற வைக்கலாம் என்று காட்டியவர் அவர். சினத்துக்கு மூளையில் ஓர் இடம் உண்டென்றால், அவ்விடத்தைச் சிறிது அழித்துச் சினத்தைத் தணிக்கலாமன்றோ? ஜப்பானில் ஹிரோத்தாரோ நரபயாஷி அமிக்டலா என்னும் பாதாம் பருப்பு வடிவப் பகுதியிலும், கெய்ஜி சானோ ஹைப்போதலாமஸின் பின்பகுதியிலும் இத்தகைய அறுவைகளை 1960களின் தொடக்கத்தில் செய்தனர்.

சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1950இல் நரம்பு அறுவைப் பணியைத் தொடங்கியவர் டாக்டர் பா. ராமமூர்த்தி (1922–2003). அவருடன் டாக்டர் வி. பாலசுப்பிரமணியம், இந்தியாவின் முதல் பெண் நரம்பு அறுவை மருத்துவராகிய டாக்டர் டி. எஸ். கனகா (1932–2018) முதலியோர் உழைத்தனர். தலையில் ஒரு சட்டத்தைப் பொருத்தி, அளந்து, மண்டையோட்டில் சிறு துளையிட்டு, நுண்ணிய கருவியை மூளையின் ஆழத்தில் குறித்த இடத்துக்குச் செலுத்தும் முறையில் இவர்கள் வல்லவர்கள். நடுக்குவாத நோயாளர் பலருக்கு அம்முறை பெரிதும் உதவியது. அதே முறையை இவர்கள் 1960களிலிருந்து அடங்காச் சினமும் ஓயாப் பரபரப்பும் கொண்டவர்களுக்கும் பயன்படுத்தினர். அவர்களுள் வலிப்பு நோயாளரும், அறிவு வளர்ச்சி குன்றியவர்களும், பத்து வயதையொட்டிய சிறுவர்களும் இருந்தனர். 1988இல் ராமமூர்த்தி வெளியிட்ட கணக்கில் இத்தகைய அறுவைகளின் எண்ணிக்கை அறுநூறைத் தாண்டியிருந்தது. உலகில் வேறெங்கும் இத்தனை பெருந்தொகையாக இவை செய்யப்பட்டது அரிது.

இவ்வறுவைக்குச் சானோ வழங்கிய பெயரையே சென்னையாரும் ஏற்றனர். அதைத் தமிழில் தணிப்பு நரம்பறுவை எனலாம். நோயாளியை அமைதியானவராகவும் கையாளத்தக்கவராகவும் ஆக்குவதே அதன் நோக்கம் என்று அவர்களே வரையறுத்தனர். கையாளத்தக்கவர் என்ற சொல்லை நாம் நின்று நோக்கவேண்டும். யார் கையாள? நோயாளி தன் வாழ்வைத் தானே கையாளவா, விடுதிப் பணியாளரும் வீட்டாரும் அவரைக் கையாளவா? அறுவை வெற்றி பெற்றதா என்று அளந்தபோது, நோயாளி எவ்வளவு அடங்கியிருக்கிறார், மருந்தின்றி இருக்கிறாரா என்பனவே முதன்மையாக நோக்கப்பட்டன. அவர் என்ன எண்ணினார், எதற்கு அஞ்சினார், எதை இழந்ததாக உணர்ந்தார் என்பவற்றுக்கு அந்த அளவுகோலில் இடமில்லை.

இம்மருத்துவர்களைக் கொடியவர்களாக எழுதிவிடுவது எளிது. அது நேர்மையாகாது. 1871இல் கீழ்ப்பாக்கத்தில் திறக்கப்பட்ட மனநோய் மருத்துவமனை நெடுங்காலம் அளவுக்கு மீறிய கூட்டத்தால் திணறியது. 1961இல் அதன் பொறுப்பேற்ற டாக்டர் மா. சாரதா மேனன் புறநோயாளர் பகுதியையும் மறுவாழ்வுப் பணியையும் வளர்க்க எத்தனை ஆண்டுகள் போராடினார் என்பது அறிந்ததே. வீட்டில் கட்டிப்போடப்பட்ட மகனை அழைத்துக்கொண்டு வந்த தாய் தந்தையர்க்கு அன்று வேறு என்ன வழி காட்டப்பட்டது? தன் தலையிலேயே தானே மோதிக்கொண்டு குருதி வடிய நிற்கும் குழந்தைக்கு மருந்து கேட்கவில்லையெனில் என்ன செய்வது? அறுவை மருத்துவர்கள் தம் கையிலிருந்த கருவியால் விடை தேடினர். குறை அவர்தம் இரக்கத்தில் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. கேள்வியைக் கேட்கும் இடத்தில் நோயாளி இல்லை என்பதே குறை. வீடு கேட்டது, விடுதி கேட்டது, மருத்துவர் விடையளித்தார். அமைதி தேவைப்பட்டது யாருக்கு என்பது ஆராயப்படாமலே போயிற்று.

மாற்கு ஐந்தாம் அதிகாரத்தில் கல்லறைகளில் திரிந்த மனிதனை ஊரார் பலமுறை தளையிட்டதும் தங்கள் அமைதிக்காகவே. அவன் தெளிவடைந்து உட்கார்ந்திருந்தபோது அவர்கள் மகிழவில்லை, அஞ்சினர். இயேசு அவனைத் தம்முடன் வைத்துக்கொள்ளாமல் அவன் வீட்டாரிடமே அனுப்பினார் என்பதை நம் விரிவுரைகள் போதிய அளவு எடுத்துரைப்பதில்லை.

இனி வேலூரை நோக்குவோம். சென்னைக்கு ஓராண்டு முன்னதாக, 1949இல், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கியவர் டாக்டர் ஜேக்கப் சாண்டி (1910–2007). அவர் பயின்றது கனடாவின் மான்ட்ரீல் நகரில், வைல்டர் பென்பீல்டு என்பாரிடம். வலிப்பு நோயாளரின் மூளையைத் திறந்து அறுவை செய்யும்போது நோயாளியை மயக்கத்தில் ஆழ்த்தாமல், விழித்திருக்கச் செய்து, பேசவைத்துக்கொண்டே செய்வது பென்பீல்டின் முறை. எந்த இடத்தைத் தொட்டால் பேச்சு நிற்கிறது, எதைத் தொட்டால் பழைய நினைவு எழுகிறது என்பதை நோயாளியே சொல்லவேண்டும். நோயாளியின் சொல் இல்லாமல் அங்கு அறுவை நடவாது. மூளையைப் பற்றி அத்தனை அறிந்த பென்பீல்டு, தம் இறுதிக் காலத்தில் 1975இல் வெளியிட்ட நூலில், மனத்தை மூளையின் இயக்கமாக மட்டும் விளக்கிவிட முடியவில்லை என்றே எழுதினார். அம்முடிவை எல்லா நரம்பியலாரும் ஏற்பதில்லை. நாமும் அதைச் சமயத்துக்குக் கிடைத்த சான்றிதழாகத் தூக்கிப் பிடிக்க வேண்டியதில்லை.

வேலூரின் சிறப்பான பங்களிப்பு அறுவைக் கூடத்துக்கு வெளியே பிறந்தது. 1957இல் அக்கல்லூரியைச் சார்ந்த மனநல மையம் பாகாயத்தில் தொடங்கப்பட்டபோது, நோயாளியுடன் உறவினர் ஒருவரேனும் தங்கவேண்டும் என்பது வழக்கமாக்கப்பட்டது. அதற்குச் சற்று முன்னர் அமிர்தசரசில் டாக்டர் வித்யாசாகர், இடமில்லாத மருத்துவமனை வளாகத்தில் கூடாரங்கள் அடித்துக் குடும்பத்தாரைத் தங்கவைத்திருந்தார். மேனாட்டு மருத்துவமனைகள் குடும்பத்தை நோயின் காரணமாகக் கருதி விலக்கிவைத்த காலம் அது. இங்கோ தாய் அடுப்பு மூட்டிச் சமைக்க, அண்ணன் மருந்து நேரத்தை நினைவூட்ட, மருத்துவர் மூவருடனும் அமர்ந்து பேசினார். பணியாளர் பற்றாக்குறையும் இதற்கு ஒரு காரணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. வறுமையிலிருந்து பிறந்த வழி என்றாலும், பின்னர் பிற நாட்டார் வந்து கற்கும் முறையாக அது ஆயிற்று.

உடனிருத்தலின் ஆற்றலை வேறொரு திசையிலிருந்தும் அறிகிறோம். தமிழ்நாட்டின் வேலாயுதம்பாளையம்புதூர் என்னும் சிற்றூரில் முத்துசாமி கோவில் ஒன்றுண்டு. உளநோயுற்றோர் அங்குச் சில வாரங்கள் தங்குவது வழக்கம். பெங்களூர் தேசிய மனநல நரம்பியல் நிறுவனத்தைச் சேர்ந்த டாக்டர் ரகுராம் முதலியோர் அங்குத் தங்கிய 31 பேரை ஆராய்ந்து 2002இல் ஓர் அறிக்கை வெளியிட்டனர். சடங்கு என்று பெரிதாக ஒன்றுமில்லை, மருந்துமில்லை. உறவினருடன் தங்குதல், சிறு வேலைகள் செய்தல், அச்சுறுத்தாத சூழல் ஆகியவையே. நோயின் கடுமையைக் குறிக்கும் அளவுகோலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. ஒப்பிட்டு நோக்க வேறொரு குழு இல்லாத சிறிய ஆய்வு இது. இதைக் கொண்டு மருந்தை நிறுத்தலாம் என்று கூறுவது பேதைமை. மேலும், வழிபாட்டிடங்கள் யாவும் இப்படி இருந்ததில்லை. 2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகத்தின் ஓலைக் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் மாண்டனர். அங்கும் குடும்பங்கள் அமைதியை நாடியே தம் உறவினரைக் கொண்டுவந்து விட்டிருந்தன.

இனி நம் காலத்து மூளையியல் கூறுவதைக் காண்போம். எரிக் கேண்டல் என்பார் உளமருத்துவராகத் தொடங்கிக் கடல் நத்தையொன்றின் நரம்புகளில் நினைவு எப்படிப் பதிகிறது என்று ஆராய்ந்து 2000இல் நோபல் பரிசு பெற்றவர். கற்றல் நிகழும்போது நரம்பு உயிரணுக்களுக்கு இடையிலுள்ள இணைப்புகளே உருமாறுகின்றன என்று அவர் காட்டினார். அங்ஙனமாயின், உரையாடலால் ஒருவன் உண்மையில் மாறுகிறான் என்றால், அவன் மூளையும் மாறியிருக்கவேண்டும் என்று 1998இல் உளமருத்துவர்களுக்கு எழுதினார். இதற்குச் சான்று முன்னரே கிடைத்திருந்தது. அமெரிக்காவில் லூயிஸ் பாக்ஸ்டரும் உடனுழைத்தோரும், கை கழுவிக்கொண்டே இருப்பது போன்ற எண்ணச் சுழல் நோய் உள்ளவருள் சிலருக்கு மருந்தும், சிலருக்கு மருந்தின்றி நடத்தைப் பயிற்சியும் அளித்து மூளையைப் படமெடுத்தனர். இரு சாராருள்ளும் குணமடைந்தவர்களின் மூளையில், காடேட் என்னும் ஒரே பகுதியில், மிகையாக இருந்த இயக்கம் குறைந்திருந்தது. இவ்வாய்வு வெளியானது 1992இல். மாத்திரை சென்ற இடத்துக்குச் சொல்லும் பயிற்சியும் சென்றிருந்தன.

அமிக்டலாவுக்கும் இங்கு ஒரு மறுபிறப்புண்டு. அச்சத்தின் நினைவு அங்கே எப்படிப் படிகிறது என்பதை ஜோசப் லெடூ முதலியோர் 1980களிலிருந்து விளக்கினர். 2007இல் மாத்யூ லீபர்மன் குழுவினர், அச்சமோ சினமோ காட்டும் முகங்களைக் கண்டவர்கள் அவ்வுணர்ச்சிக்கு ஒரு பெயர் சொன்னபோது அமிக்டலாவின் கிளர்ச்சி தணிவதைக் கண்டனர். சென்னையில் ஒரு காலத்தில் ஊசிமுனையால் எரித்துத் தணித்த அதே பாதாம் பருப்பு, "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று சொல்லிவிடும்போது சிறிதேனும் தணிகிறது. ஆய்வுக்கூடத்தில் காட்டப்பட்ட சிறு தணிவு அது. அடங்காச் சினம் கொண்ட நோயாளிக்குப் பேச்சொன்றே போதும் என்று பொருளாகாது. ஆனால் தணிப்பவர் யார் என்பதில் வேறுபாடு இருக்கிறது. பெயர் சொல்லுகிறவர் துன்புறுகிறவரே. கேட்க ஒருவர் வேண்டும், அவ்வளவே.

இங்கே நம்மவர்க்கு ஓர் எச்சரிக்கை தேவை. ஆற்றுப்படுத்தல் பயிலரங்குகளில் இப்பொழுது மூளையின் படம் தவறாமல் காட்டப்படுகிறது. டோபமைன் மிகுந்துவிட்டது, செரட்டோனின் குறைந்துவிட்டது, இவர் வலது மூளைக்காரர் என்றெல்லாம் ஆயர்களும் பேசத் தொடங்கியுள்ளோம். செரட்டோனின் குறைவே சோர்வு நோய்க்குக் காரணம் என்பதற்குச் சீரான சான்று இல்லை என்று ஜொவன்னா மான்கிரீப் முதலியோர் 2022இல் பல ஆய்வுகளைத் தொகுத்து எழுதினர். அவர்தம் முடிவைப் பற்றியும் வாதங்கள் உண்டு. மருந்துகள் பலருக்கு உதவுகின்றன என்பதும், அவற்றை மருத்துவரைக் கேளாமல் நிறுத்துவது கேடு பயக்கும் என்பதும் இதனால் மாறிவிடவில்லை. ஆனால் எளிய வாய்பாடாக நாம் ஒப்புவிக்கும் வேதிப்பொருள் கதை, நரம்புத் தளர்ச்சிக் கதையின் புதிய பதிப்பாக ஆகிவிடக் கூடும். விசைத்தறியில் இரவும் பகலும் மாறிமாறி உழைத்து, வட்டிக்கு அஞ்சி உறக்கமிழந்தவனிடம் அவன் மூளையில் ஏதோ குறைகிறது என்று மட்டும் சொன்னால், வட்டியைப் பற்றிய பேச்சு அங்கேயே நின்றுவிடும். இரவு வேலை உறக்கத்தைக் கெடுக்கும். உறக்கக் கேடு மூளையைப் பாதிக்கும். மூளையியலை முறையாகக் கற்றவன் தறிக்கூடத்தின் வேலை நேரத்தையும் கேட்டாக வேண்டும்.

நோயாளியின் இசைவு என்னும் கேள்வி நம் நாட்டுச் சட்டத்தில் இடம்பெற நெடுநாள் ஆயிற்று. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், நோயாளியின் அறிந்த இசைவும் உரிய மனநல மறுஆய்வு வாரியத்தின் ஒப்புதலும் இன்றி உளநோய்க்காக மூளையில் அறுவை செய்வதைத் தடுக்கிறது. மயக்க மருந்தின்றி மின்னதிர்ச்சி அளிப்பதையும் எவ்விதச் சங்கிலியையும் விலக்குகிறது. சென்னை அறுவைக் கூடத்தின் கேள்வியும் ஏர்வாடிக் கொட்டகையின் கேள்வியும் அடுத்தடுத்த பிரிவுகளில் சேர்ந்து நிற்பதை அதில் காணலாம்.

உதவி கிட்டும் தொலைவும் மெல்லக் குறைந்துள்ளது. மாவட்ட மனநலத் திட்டம் 1996இல் நாட்டின் நான்கு மாவட்டங்களில் தொடங்கியபோது திருச்சிராப்பள்ளி அவற்றுள் ஒன்று. பின்னர் அது பிற மாவட்டங்களுக்கும் விரிந்தது. வெள்ளகோவில் மக்களுக்கு மாவட்டத் தலைமையிடம் 1979 வரை கோயம்புத்தூர், அதன்பின் ஈரோடு, 2009 முதல் திருப்பூர். 2022 அக்டோபரில் நடுவண் அரசு தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசி உதவிப் பணிக்கு எண் 14416. தமிழிலும் பேசலாம், இரவிலும் பேசலாம். தறி ஓட்டுகிறவன் இரவு முறையின் தேநீர் வேளையில் வெளியே வந்து நின்று அவ்வெண்ணை அழைத்தால், முதலில் அவன் சொல்லப்போவது பெரும்பாலும் "நரம்புத் தளர்ச்சிங்க" என்பதாகவே இருக்கும். மறுமுனையில் இருப்பவர் அதைத் திருத்தாமல், "எத்தனை நாளாத் தூக்கமில்லீங்க?" என்று கேட்கலாம்.